பாடகர் குழுக்களே, அரை மணி நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டு மேற்படிப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பொறியியல், மருத்துவம், மேலாண்மை எல்லாவற்றுக்கும் என்ன தேர்வு, எப்போது விண்ணப்பம், எவ்வளவு செலவு என்று விவரமாக இருந்தது. இசைக்கு ஒரே ஒரு வரி. 'இசைப் படிப்புகளுக்குத் திறன் தேர்வும் உண்டு' என்று போட்டு முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால், எங்கள் பாடகர் குழுவில் வளர்ந்து, முன்னால் நின்று குழுவை நடத்தும் கலையை அமெரிக்காவில் படிக்க விரும்பிய ஒரு பெண் இரண்டு வருடம் பட்ட பாடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும். முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரன். அஞ்சல் துறையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் கிறிஸ்தவச் சபையின் பாடகர் குழுவை 26 வருடமாக நடத்தி வருகிறேன். இசையில் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. தாத்தாவிடமிருந்து அப்பா, அப்பாவிடமிருந்து நான் என்று வந்த வித்தை. தாத்தாவின் நோட்டு ஒன்று இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. மேற்கத்திய இசையை எழுதுகிற ஐந்து கோடு அதில் கிடையாது. டோ, ரே, மி என்பவற்றின் முதல் எழுத்துகளை மட்டும் எழுதி, நடுவில் புள்ளியும் முக்காற்புள்ளியும் வைத்துத் தாளத்தைக் காட்டியிருப்பார். டோனிக் சோல்ஃபா என்பார்கள். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கிவைத்து, ஜான் கர்வன் என்ற போதகர் 1840களில் சீர்படுத்தி ஊர் ஊராகப் பரப்பிய முறை அது. பியானோ வாங்க வசதியில்லாத ஏழைச் சபைகளும் நான்கு குரலில் (பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ; ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ்) பாட வேண்டும் என்பதுதான் கர்வனுக்கு நோக்கம். மிஷனரிமாரோடு அது நம் பக்கமும் வந்து சேர்ந்தது.

அந்தப் பெண் ஒன்பது வயதில் குழுவுக்கு வந்தாள். முதலில் சோப்ரானோ, அப்புறம் ஆல்டோ. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தாள். பியானோவில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி டிப்ளமோ வரை போனாள். ஒரு நவம்பர் மாதம், பிராக்டிஸ் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "சார், கண்டக்டிங்ல மாஸ்டர்ஸ் பண்ண அமெரிக்காவுக்கு அப்ளை பண்றேன். நம்ம குழுவை ஒரு அரை மணி நேரம் என்கிட்ட விடுவீங்களா?"

நான் சொன்னது: "கிறிஸ்மஸ் முடியட்டும்மா."

கேரல் சர்வீஸுக்கு ஐந்து வாரம்கூட இல்லை. ஒன்பது பாட்டு. பேஸில் இரண்டு பேர் புதுசு. எனக்கு அது நியாயமான பதிலாகத்தான் பட்டது. அவளும் "சரி சார்" என்று போய்விட்டாள். அமெரிக்க இசைப் பள்ளிகளில் பலவற்றுக்கு விண்ணப்பத்தின் கடைசி நாள் டிசம்பர் 1 என்பதும், அதற்குள் வீடியோவையும் சேர்த்து ஏற்றிவிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நம் ஊரில் பாடகர் குழுக்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத அந்த மாதத்தில்தான் இந்தப் பிள்ளைகளுக்குக் குழு தேவைப்படுகிறது. இதை ஒவ்வொரு குழுத்தலைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தடவை ஒரு ஆராதனையில் அவள் ஒரே ஒரு கீர்த்தனைக்குக் கை காட்டியதை அவள் தம்பி கடைசி பெஞ்சிலிருந்து போனில் எடுத்தான். அதை மூன்று பள்ளிகளுக்கு அனுப்பினாள். மூன்றும் முதல் சுற்றிலேயே கழித்துவிட்டன. அவளுக்கு ஒரு வருடம் போயிற்று. அதில் என் பங்கு உண்டு.

அதற்குப் பிறகுதான் என்ன கேட்கிறார்கள் என்று உட்கார்ந்து படித்தேன்.

கண்டக்டிங் என்றால் நம் ஊரில் பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வீட்டுக் கச்சேரி. அவள் அம்மாவிடம் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத எனக்கு மனசில்லை. அவள் படிக்க விரும்பியது இதுதான்: நாற்பது, அறுபது, நூறு பேர் சேர்ந்து பாடும்போதோ வாசிக்கும்போதோ முன்னால் நின்று அத்தனை பேரையும் ஒரே மூச்சாக்குவது. பாடகர் குழுவுக்கு ஒரு பிரிவு, வாத்தியக் குழுவுக்கு ஒரு பிரிவு, சில இடங்களில் இரண்டும் சேர்த்து. முதுகலை இரண்டு வருடம். பல பள்ளிகள் வருடத்துக்கு ஒருவரையோ இருவரையோதான் எடுக்கின்றன. முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. யோசித்தால் காரணம் புரிகிறது. வயலின் படிக்கிற பையன் அறையைப் பூட்டிக்கொண்டு வயலினை எடுத்தால் போதும். கண்டக்டிங் படிக்கிறவருக்கு வாத்தியமே மனிதர்கள்தான். ஒரு மாணவருக்குப் பழகக் கொடுக்க வாரத்தில் இத்தனை மணி நேரம் ஒரு முழுக் குழுவை நிறுத்தி வைக்க வேண்டும். பத்துப் பேரை எடுத்தால் பத்துப் பேருக்கும் குழு எங்கே?

அந்தப் பஞ்சம் விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. கட்டுரை, மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு, நடத்திய பாடல்களின் பட்டியல், சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் எழுத்து வேலை. ராத்திரி கண்விழித்தால் முடித்துவிடலாம். வீடியோவை அப்படி முடிக்க முடியாது. பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடம் கேட்கிறார்கள். மேடை நிகழ்ச்சி மட்டும் போதாது, ஒத்திகையும் வேண்டும். பாட்டு நன்றாக இருந்ததா என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. தவறு வந்தபோது நீ என்ன செய்தாய், எப்படி நிறுத்தினாய், என்ன சொன்னாய், திரும்பப் பாடியபோது சரியானதா என்று பார்க்கிறார்கள். கேமரா நடத்துபவரின் முகத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அதாவது பாடுகிறவர்கள் நடுவில் இருக்க வேண்டும். அவளுடைய முதல் வீடியோவில் தெரிந்தது ஒரு பின்னலும் இரண்டு முழங்கையும்தான்.

இந்த முகம் பார்க்கிற விஷயம் சின்னதில்லை. மும்பையில் பிறந்த ஜூபின் மேத்தா 1950களில் வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்துக்கொண்டிருந்தார். பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளைப் பார்க்க மாணவர்களை உள்ளே விடமாட்டார்கள். அதற்காகவே அவரும் உடன் படித்த கிளாடியோ அப்பாடோவும் அங்கிருந்த சிங்ஃபெரைன் பாடகர் குழுவில் சேர்ந்து பேஸ் பாடினார்கள். பாடகர் வரிசையில் நின்றால் கரயான் என்ற பெரிய நடத்துநரின் கண்ணையும் கையையும் நேருக்கு நேர் பார்க்கலாம். அரங்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்குக் கோட்டின் முதுகுதான் தெரியும். இதைப் படித்தபோது எனக்குள் ஒன்று உறைத்தது. 26 வருடமாக எங்கள் குழுவில் என் முகத்தைப் பார்த்துப் பாடிய பிள்ளைகள் எத்தனை பேர்! அதில் ஒருத்தியாவது என் இடத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்டிருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

இரண்டாவது வருடம் அவள் ஜூன் மாதமே தொடங்கினாள். என்னிடம் வருவதற்கு முன்பே, பெரிய குழுவாக இருந்தால் நல்லது என்று இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறாள். ஒரு நகரத்தில் பேர்பெற்ற ஒரு குழு, பதினைந்து நிமிடத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் கேட்டது. இன்னொரு சபையில் கமிட்டி கூடிப் பேசி, ஒரு பெண் பிள்ளை முன்னால் நின்று பெரியவர்களுக்குக் கை காட்டுவது முறையாக இருக்காது என்று சொல்லியனுப்பியது. அந்தப் பதிலை அவள் என்னிடம் சொன்ன விதத்தை மறக்க முடியவில்லை. அழவில்லை. போனில் வந்த செய்தியை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் பால்டிமோர் சிம்பொனி வாத்தியக் குழுவுக்கு 2007இல் மரின் ஆல்சாப் என்ற பெண் இசை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அங்கேயும் அவ்வளவு பெரிய வாத்தியக் குழு ஒன்றின் தலைமை ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆகவே இந்தத் தயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை என்று தெரியும். அங்கே அது உடைந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது. நாம் இன்னும் கமிட்டி கூடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் குழுவை அவளிடம் கொடுத்தேன்.

அவள் தேர்ந்தெடுத்தது மொசார்ட்டின் 'ஆவே வேரும் கார்ப்பஸ்' என்ற லத்தீன் பக்திப் பாடல். 46 அளவுகள் (தாளக் கட்டங்கள்)தான், பாடினால் மூன்று நிமிடத்துக்குப் பக்கம். நான்கு குரல், கூடவே வயலின் குடும்ப வாத்தியங்களும் ஆர்கனும். பாடகர் குழுவுக்கும் வாத்தியக் குழுவுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சின்னப் படைப்பு கிடைக்காது. 1791 ஜூன் மாதம், தான் இறப்பதற்கு ஆறு மாதத்துக்கு முன், வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடன் என்ற சிற்றூரில் கோயில் பாடகர் குழுவை நடத்திய அன்டன் ஷ்டோல் என்ற நண்பருக்காக மொசார்ட் இதை எழுதினார். எங்களைப் போன்ற ஒரு ஊர்க்குழுவுக்காக எழுதப்பட்டது என்று அவள் சொன்னதும் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு வயலின் கிடைத்தது. செல்லோ வாசிக்க ஒரு தம்பி நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்தான், செல்லோவுக்குத் தனி சீட்டு எடுத்து. வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வயோலா கிடைக்கவில்லை. வயோலாவின் பகுதியைக் கீபோர்டில் ஒருவர் வாசித்தார். குழுவில் அன்று 22 பேர். மின்விசிறிச் சத்தம் பதிவில் விழும் என்று எல்லா விசிறியையும் நிறுத்தினோம். ஆகஸ்ட் மாதத்துப் பாளையங்கோட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நோட்டு ஸ்டாண்டில் ரப்பர் பேண்டு போட்டு அவள் போனைக் கட்டி, டெனருக்கும் பேஸுக்கும் நடுவில் நிறுத்தினோம். நான் பேஸ் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றேன்.

அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியில், 'எஸ்தோ நோபிஸ்' என்ற இடத்தில், பெண் குரல்கள் முதலில் தொடங்கும். ஒரு அளவு தள்ளி ஆண்கள் அதையே பிடிக்க வேண்டும். நாங்கள் பிடிக்கவில்லை. முதல் தடவை பெண்களோடு சேர்ந்தே இறங்கிவிட்டோம். இரண்டாம் தடவை பயந்து பிந்தினோம். நானாக இருந்தால் "டெனர், பேஸ், எண்ணுங்கய்யா!" என்று மேசையைத் தட்டியிருப்பேன். அவள் தட்டவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னாள்: "அண்ணாச்சி, நீங்க அவங்க கூடச் சேர்ந்து பாடல. அவங்க கேக்கிறாங்க, நீங்க பதில் சொல்றீங்க. கேட்டு முடிக்கட்டும்." அப்புறம் பெண்களை இடது கையின் பொறுப்பில் விட்டுவிட்டு, நாங்கள் தொடங்குவதற்கு ஒரு தட்டு முன்பே உடம்பை முழுதாக எங்கள் பக்கம் திருப்பினாள். கையை உயர்த்தினாள். உயர்த்தும்போதே மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எங்களையும் அறியாமல் நாங்கள் பத்துப் பேரும் மூச்சை இழுத்தோம். கை இறங்கியது, நாங்களும் இறங்கினோம். எண்ண வேண்டிய தேவையே வரவில்லை.

26 வருடமாக நான் முதல் தட்டைத்தான் காட்டியிருக்கிறேன். அதற்கு முந்தைய தட்டில்தான் பாட்டு இருக்கிறது என்பதை 23 வயதுப் பெண்ணிடமிருந்து அன்று கற்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற மின்வாரிய ஊழியர், இருபது வருடமாக டெனர் பாடுகிறவர், முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வைதான் என்றார்.

மொத்தம் முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவுதான் எங்களுக்குச் செலவு.

சிபாரிசுக் கடிதம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் அது இல்லை. நான் வழக்கம்போல் வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதி, ஸ்கேன் செய்து கொடுக்கலாம் என்றிருந்தேன். அப்படி முடியாது. பள்ளியிலிருந்தே என் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு வருகிறது. மாணவர் பார்க்க முடியாதபடி நாமே ஏற்ற வேண்டும். இவரை எத்தனை வருடமாகத் தெரியும், எந்தப் பொறுப்பில் இருந்து தெரியும், நீங்கள் அறிந்த மாணவர்களில் இவர் எந்த இடம் என்றெல்லாம் கட்டங்கள். 'நல்ல பிள்ளை, ஒழுக்கமானவள், தவறாமல் வருவாள்' என்று நம் ஊர் நற்சான்றிதழ் பாணியில் எழுதினால் அங்கே அதற்கு மதிப்பில்லை. என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். நான் 'எஸ்தோ நோபிஸ்' கதையை எழுதினேன். அவள் பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியை இலக்கணம் மட்டும் திருத்திக் கொடுத்தார்.

பணமும் ஆகிறது. ஒரு பள்ளிக்கு விண்ணப்பக் கட்டணமே 8,000, 9,000 ரூபாய். அவள் நான்குக்குப் போட்டாள். இளங்கலையில் இசை படித்திருக்கவே வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்ன பள்ளிகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டாள். இயற்பியல் பட்டதாரி என்றாலும் பரவாயில்லை, சேர்ந்தபின் இசைக் கோட்பாட்டிலும் வரலாற்றிலும் தேர்வு வைப்போம், குறை இருந்தால் கூடுதல் பாடம் படி என்று சொன்ன இடங்களைப் பார்த்துப் போட்டாள். ஒவ்வொரு பள்ளியின் பக்கத்தையும் வரி விடாமல் படித்தால்தான் இது தெரியும்.

நான்கில் இரண்டு, முதல் சுற்றைத் தாண்டின. ஒன்று வாத்தியக் குழுப் பிரிவு. அங்கே பேட்டியிலேயே நின்றுவிட்டது. அதில் வியப்பில்லை. நடத்துபவர் கையில் இருக்கும் ஸ்கோர் என்ற முழு இசைப்பிரதியில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரி. பி-ஃபிளாட் கிளாரினெட்டில் எழுதியிருக்கும் சுரம் ஒன்று, காதில் விழுவது அதற்கு ஒரு முழுச் சுரம் கீழே. எஃப் ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தில் இன்னும் கீழே, இறங்கி எண்ணினால் ஐந்தாவது சுரத்தில். வயோலாவுக்கு வேறு குறியீடு. எல்லாவற்றையும் மனசில் மாற்றிப் பியானோவில் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் பழகித்தான் இருந்தாள். ஆனால் ஹார்ன் என்ற வாத்தியத்தை நேரில் கேட்பதற்கே அவள் திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் மும்பை போக வேண்டியிருந்தது. அங்கே 2006 முதல் இயங்குகிற சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவின் கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டு அடுத்த நாளே திரும்பினாள். காதில் கேட்டே பழகாத வாத்தியங்களை நடத்தச் சொன்னால் எப்படி? 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது நாமெல்லாம் கொண்டாடினோம். நானும் அன்று இரவு தூங்கவில்லை. எழுதுவதற்கு நம்மிடம் ஒருவர் இருக்கிறார். அதை வாசிக்கவும் முன்னால் நின்று நடத்தவும் நம் ஊரிலேயே ஆட்கள் உருவாக வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறுதியாகத் தோன்றியது.

பாடகர் குழுப் பிரிவின் தேர்வு இணையவழியில் நடந்தது. அவர்களுக்குப் பகல் ஒரு மணி, நமக்கு இரவு பதினொன்றரை. வீட்டில் கொசுவர்த்தி, பக்கத்துத் தெருவில் கொடை விழாவின் மைக் சத்தம். அதனால் எங்கள் சபை அறைக்கு வந்துவிட்டாள். அவள் அப்பாவும் நானும் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நான்கு குரலில் ஒரு பாடலைத் திரையில் காட்டி, மூன்று குரலைப் பியானோவில் வாசித்துக்கொண்டே நான்காவதைப் பாடச் சொன்னார்கள். இதற்கு அவள் பழகியது பாமாலை என்ற எங்கள் ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தின் ராகங்களில். தினமும் காலை ஒரு பாட்டை எடுத்து முதலில் ஆல்டோவைப் பாடி மற்ற மூன்றையும் வாசிப்பாள், பிறகு டெனர், பிறகு பேஸ். பிறகு அவர்கள் ஒரு பாடலை வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தப்பாக வாசித்து, எந்தக் குரலில் எந்த இடத்தில் தப்பு என்று கேட்டார்கள். கதவுக்கு வெளியே எனக்கும் கேட்டது. டெனரில் மூன்றாவது அளவு என்று நான் மெல்லச் சொன்னேன். உள்ளே அவளும் அதையே சொன்னாள்.

கடைசியில் ஒரு பேராசிரியர், சுரம் பாடுவதை யாரிடம் கற்றாய் என்று கேட்டாராம். அவள் என் தாத்தா நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவர் அதைக் காட்ட முடியுமா என்று கேட்க, கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். நல்லவேளையாக அதை அன்று கையில் வைத்திருந்தேன். ஹங்கேரியில் சோல்டான் கொடாய் என்ற இசையமைப்பாளர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுரம் கற்பிக்கப் பயன்படுத்திய கைக்குறிகளும் கர்வனிடமிருந்து எடுத்துக்கொண்டவைதான் என்று அந்தப் பேராசிரியர் அவளிடம் சொன்னாராம். கெச்கெமெட் என்ற ஊரில் கொடாய் பெயரில் 1975 முதல் ஒரு கழகமே இருக்கிறது. உலகத்திலிருந்து பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். அதே விதை எங்கள் வீட்டு மரப்பெட்டியிலும் இருந்திருக்கிறது, தொண்ணூறு வருடமாக.

மார்ச் கடைசி வாரம் பதில் வந்தது. இடம் கிடைத்தது. கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி. மாதம் ஒரு தொகையும் தருகிறார்கள். அதற்குப் பதிலாக அங்குள்ள குழுவின் ஒத்திகைகளில் அவள் உதவியாளராக வேலை செய்ய வேண்டும். ஏப்ரல் 15க்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் அன்றே சொல்லிவிட்டாள். ஆகஸ்டில் புறப்படுகிறாள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். சென்னையில் 1893 முதல் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இருக்கிறது. 2008இல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆள் உண்டு. நான் பேசுவது தூத்துக்குடி, நாசரேத், நாகர்கோவில், மதுரை, தஞ்சாவூர், திருச்சி பற்றி. இந்த ஊர்களில் கோயிலுக்குக் கோயில் நான்கு குரலில் பாடுகிற குழு இருக்கிறது. கல்லூரிக்குக் கல்லூரி இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு பிள்ளை காசு கொடுத்துத் தேடுகிற 'வாத்தியம்' நம்மிடம் வாரம் தவறாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. குழுத்தலைவர்களுக்கும், பல சபைகள் சேர்ந்த சேகரங்களின் கமிட்டிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு பிராக்டிஸில், கடைசி அரை மணி நேரத்தை ஒரு இளையவரிடம் கொடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கொடுங்கள், கேரல் வேலை தொடங்கும் முன். ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று பார்க்க வேண்டாம். தப்பாக நடத்தினால் நடத்தட்டும், நடுவில் எழுந்து போய்த் திருத்தாதீர்கள். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. பேஸ் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போனை வைக்கப் பாடகர்கள் நடுவில் ஒரு ஸ்டாண்டு போடுங்கள். அந்தப் பிள்ளை எங்கும் விண்ணப்பிக்காவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த பத்து வருடத்தில் உங்கள் குழுவை நடத்த ஆள் வேண்டாமா?

எங்களிடமே தொடங்கிவிட்டோம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஏழு மணி முதல் ஏழரை வரை எங்கள் குழு, கேட்கிற பிள்ளைக்கு. எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்கமாட்டோம். காசு வேண்டாம். ஸ்கோரில் 22 பிரதி மட்டும் எடுத்து வர வேண்டும். போன மாதம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பையன் வந்தான், கல்லூரி இரண்டாம் வருடம். கை நடுங்கியது, ஆனால் காது நல்ல காது. வர விரும்புகிறவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் தயவுசெய்து எனக்கு அனுப்பிவையுங்கள்.

வயலின் இரண்டு உண்டு, செல்லோத் தம்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வயோலா இன்னும் இல்லை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் வயோலா வாசிக்கிறவர் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் அவரும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு பாடகர் குழுத்தலைவர்,
பாளையங்கோட்டை.